ஆறு கியர் காரில் சூடேறினால் ரிவேர்ஸ் விழவில்லை: பூட்டுச் சொலனோயிட்டின் மின்கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது?

கடற்காற்று, வெள்ளவத்தை

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 2004இல் ஜப்பானில் தயாரான ஆறு கியர் செடான் ஒன்று இருக்கிறது. ஐந்தும் ஆறும் உள்ள வரிசைக்கு வலப்பக்கத்தில் ரிவேர்ஸுக்குத் தனி வரிசை. காலையில் எந்தக் குறையும் இல்லை. மாலையில் கோட்டையிலிருந்து காலி வீதி நெரிசலில் ஊர்ந்து வந்து, எங்கள் ஒழுங்கைக்குள் பின்பக்கமாக ஏற்றப் பார்த்தால், கியர் லீவர் வலப்பக்கம் போகாமல் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடுகிறது. எஞ்சினை அணைத்து அரை மணி நேரம் ஆறவிட்டால் வழக்கம்போல் ரிவேர்ஸ் விழுகிறது. அதுவரை ஒழுங்கையை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

ஒரு கராஜில் கிளச் தேய்ந்துவிட்டது, கியர்பெட்டியை இறக்க வேண்டும் என்றார்கள். இன்னோர் இடத்தில் ரிவேர்ஸ் சுவிட்ச்தான் காரணம் என்று சொல்லி அதை மாற்றினார்கள். கோளாறு அப்படியே இருக்கிறது. என்னிடம் ஒரு மல்டிமீற்றர் உண்டு, அளக்கவும் தெரியும். எங்கே தொடங்குவது, எதை அளப்பது என்று யாராவது சொல்லுங்கள். கியர்பெட்டியை இறக்குவதற்கு முன் உறுதியாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பழையகியர், கொட்டாஞ்சேனை

தம்பி, கியர்பெட்டியை இப்போதைக்கு யாரையும் இறக்க விடாதீர்கள். லீவர் வலப்பக்கம் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கிளச்சில் குறை என்றால் அப்படி நடக்காது.

கிளச் முழுதாக விடுபடாதபோது லீவர் ரிவேர்ஸ் வரிசைக்குள் தாராளமாகச் சாயும். அதற்குப் பிறகு பின்னோக்கி இழுக்கும்போதுதான் அடம்பிடிக்கும், அல்லது பல்லோடு பல் உரசிச் சத்தம் வரும். பல கியர்பெட்டிகளில் ரிவேர்ஸுக்குச் சிங்ரோ (பற்களின் சுழல்வேகத்தைச் சமப்படுத்தும் பாகம்) கிடையாது. உள்தண்டு சுழன்றுகொண்டே இருந்தால் பல் கோத்துக்கொள்ளாது. எஞ்சினை அணைத்தவுடன் தண்டு நின்றுவிடும், ரிவேர்ஸும் விழுந்துவிடும். ரிவேர்ஸ் பூட்டு திறக்காதபோது நடப்பது வேறு. லீவர் அந்த வரிசைக்குள்ளேயே சாயாது. எஞ்சின் ஓடினாலும் அணைந்தாலும் அதே இடத்தில் நிற்கும்.

அடுத்த முறை ரிவேர்ஸ் விழாதபோது எஞ்சினை அணைத்து, சாவியை மறுபடி ஓன் நிலைக்குக் கொண்டுவந்து (ஸ்டார்ட் செய்யாமல்) முயன்று பாருங்கள். அப்போதும் வலப்பக்கம் போகவில்லை என்றால் கிளச் குற்றவாளி இல்லை. கியர் கேபிளின் முனையில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருந்தாலும் வலப்பக்கம் போகத் தயங்கும். ஆனால் அப்படியென்றால் ஐந்தாம், ஆறாம் கியர்களிலும் தடுமாற்றம் தெரியும். அதையும் கவனித்து எழுதுங்கள்.

இந்தப் பூட்டு ஏன் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வெட்டி எறியச் சொல்லும் ஆட்கள் விரைவில் வருவார்கள். உங்கள் காரில் ஐந்திலிருந்து ஆறுக்கு இழுக்கும் கை சற்று அதிகமாக வலப்பக்கம் சாய்ந்தால் அங்கே ரிவேர்ஸ் இருக்கிறது. தெற்கு அதிவேகப் பாதையில் 100 கிலோமீற்றர் வேகத்தில் அது நடந்தால் கியர்பெட்டி தாங்காது. ஆகவே கார் ஓடும்போது அந்த வரிசைக்குள் லீவர் நுழையாதபடி ஒரு முளை தடுக்கிறது. அந்த முளையை ஆளுவது கியர்பெட்டியில் பொருத்தியிருக்கும் சொலனோயிட், அதாவது மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகி முளையை அசைக்கும் சுருள். வேகம் ஏறக்குறைய நின்றுவிட்டது என்று ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) அறிந்தால்தான் பூட்டு திறக்கும்.

இந்த ஏற்பாடு இரண்டு விதமாக உண்டு. ஒன்றில் ஸ்பிரிங் பூட்டுகிறது, மின்சாரம் திறக்கிறது. அமெரிக்கக் கார்களில் வரும் டி56 கியர்பெட்டி இந்த வகை. மின்சாரம் இல்லாவிட்டால் அந்த வலிய ஸ்பிரிங்கைத் தோள்பலத்தால் வெல்ல வேண்டும். இன்னொன்றில் கார் ஓடும்போது மின்சாரம் பூட்டுகிறது, நிற்கும்போது மின்சாரம் விலகித் திறக்கிறது. முதல் வகையில் வயர் அறுந்தால் ரிவேர்ஸ் எளிதில் கிடைக்காது. இரண்டாம் வகையில் வயர் அறுந்தால் ரிவேர்ஸ் எப்போதும் கிடைக்கும், பாதுகாப்பு மட்டும் போய்விடும், ஓட்டுநருக்கு அது தெரியவே தெரியாது. மீற்றரைக் கையில் எடுப்பதற்கு முன் உங்கள் காரின் வயரிங் வரைபடத்தில் இது எந்த வகை என்று பாருங்கள். இல்லாவிட்டால் சரியான அளவைப் பிழை என்றும், பிழையான அளவைச் சரி என்றும் எடுத்துக்கொள்வீர்கள்.

ஓம்விதி, தெமட்டகொடை

பழையகியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ரிவேர்ஸ் சுவிட்சை மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். கியர்பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாலும் இரண்டுக்கும் இரண்டு வயர் என்பதாலும் அதையும் சொலனோயிட்டையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். ரிவேர்ஸ் சுவிட்ச், கியர் விழுந்த பிறகு வெள்ளை விளக்கை எரிய வைப்பது. கியர் விழுவதைத் தடுக்கவோ விடவோ அதற்கு வேலை இல்லை. சுவிட்ச் முழுதாகச் செத்தாலும் கார் பின்னால் போகும், விளக்கும் கமராவும் மட்டும் வேலை செய்யாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் கொழும்பில் எத்தனை நல்ல சுவிட்சுகளைக் கழற்றி எறிகிறார்களோ தெரியவில்லை. பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.

ஒரு கேள்வி: விளக்குக்கும் சொலனோயிட்டுக்கும் பல கார்களில் பொதுவான பியூஸ் இருக்கும். ரிவேர்ஸ் விழும் நேரங்களில் வெள்ளை விளக்கு முழு வெளிச்சத்தோடு எரிகிறதா, மங்கலாக எரிகிறதா?

கடற்காற்று, வெள்ளவத்தை

ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. பார்த்துவிட்டேன்.

சூடாக இருந்தபோது எஞ்சினை அணைத்து, சாவி ஓன் நிலையில் முயன்றேன். அதே சுவர்தான். லீவர் வரிசைக்குள் சாயவே இல்லை. ஐந்தும் ஆறும் வெண்ணெயாக விழுகின்றன. வரைபடம் கிடைத்தது: ஸ்பிரிங் பூட்டி மின்சாரம் திறக்கும் வகை. ஒரு வயரில் பியூஸ் வழியாக இக்னிஷன் 12 வோல்ற் வருகிறது, மற்ற வயரை ஈசியூ ஏர்த் செய்கிறது (பற்றரி நெகட்டிவ்வோடு இணைக்கிறது). காலையில் சாவியை ஓன் செய்ததும் கியர்பெட்டிப் பக்கமிருந்து டிக் என்று ஒரு சத்தம் கேட்கிறது. மாலையில் அந்தச் சத்தம் இல்லை.

வெள்ளை விளக்குகள் நன்றாகவே எரிகின்றன. பியூஸ் நல்ல நிலையில் இருக்கிறது.

ஒரு சந்தேகம்: சூடாக இருந்தபோது சொலனோயிட் கப்ளரை (வயர் இணைப்பியை) கழற்றி 12 வோல்ற் வரும் பின்னில் (உலோக முனையில்) அளந்தேன். 12.3 காட்டியது. அப்படியென்றால் வயரிங் சரி, சொலனோயிட்தான் கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடிப் பார்க்கட்டுமா?

விரைவுப்பாதை, பத்தரமுல்லை

இவ்வளவு சிரமம் எதற்கு அண்ணா? சொலனோயிட்டை ஈசியூவிடமிருந்து பிரித்து ஒரு பொத்தானில் கொடுத்துவிடுங்கள். ரிவேர்ஸ் வேண்டும்போது பொத்தானை அழுத்தினால் போதும். டி56 கியர்பெட்டியை வேறு காரில் பொருத்துகிறவர்கள் பிரேக் விளக்குச் சுவிட்சிலிருந்து வயர் எடுத்துக் கொடுக்கிறார்கள். பிரேக்கை மிதித்தால் பூட்டு திறக்கும். எளிமையான தீர்வு. பழைய கார்களை ஓடவைத்துக்கொண்டிருப்பதே பெரிய காரியம், ஒவ்வொரு வயரையும் தேடிக்கொண்டிருக்க நேரம் ஏது?

பழையகியர், கொட்டாஞ்சேனை

நேரம் இல்லை என்பது உண்மைதான் தம்பி. ஆனால் பிரேக் விளக்கில் கொடுப்பதை நான் ஒருபோதும் செய்யமாட்டேன், காரணம் சொல்கிறேன். வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது எந்த நேரத்தில் அவசரமாகக் கியரை மாற்றுவீர்கள்? முன்னால் ஒரு லொறி திடீரென்று வேகத்தைக் குறைக்கும்போது. அப்போது கால் பிரேக்கில் இருக்கும். கை பதற்றத்தில் கியரை மாற்றும். பூட்டு தேவைப்படும் அதே கணத்தில் பூட்டைத் திறந்துவைக்கிற ஏற்பாடு அது. வேறு காரிலிருந்து கியர்பெட்டியை மாற்றிப் பொருத்துகிறவர்களுக்கு ஈசியூ இணைப்பு இல்லாததால் அப்படி ஒரு வழியைத் தேடினார்கள். இந்தத் தம்பியின் காரில் ஈசியூ இருக்கிறது, வேகச் சமிக்ஞை இருக்கிறது, காலையில் எல்லாம் ஒழுங்காக வேலையும் செய்கிறது. வேலை செய்கிற ஒன்றை ஏன் பிடுங்க வேண்டும்?

பொத்தான் சற்று நல்லது. ஆனாலும் அழுத்திய விரலை எடுக்க மறந்தாலோ, பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டாலோ, சுருள் தொடர்ந்து சூடாகிக் கருகும். எல்லாச் சொலனோயிட்டும் இடைவிடாத மின்னோட்டத்துக்காகச் செய்யப்படுவதில்லை. இன்னொரு முக்கியமான விடயம்: 12 வோல்ற்றை நேராக ஈசியூ பக்க வயரில் கொடுத்துவிட்டால், அந்த வயரை ஈசியூ ஏர்த் செய்யும்போது உள்ளேயிருக்கும் டிரான்சிஸ்டர் (வயரை ஏர்த் செய்யும் மின்னணுச் சுவிட்ச்) போய்விடும். ஐந்து நிமிட வேலைக்கு ஈசியூவைக் கொடுக்காதீர்கள்.

ஓம்விதி, தெமட்டகொடை

கடற்காற்று தம்பி, சொலனோயிட்டை இன்னும் வாங்காதீர்கள். கப்ளரைக் கழற்றி அளந்த 12.3 வோல்ற் எதையும் நிரூபிக்கவில்லை. இந்த இழையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

நல்ல டிஜிட்டல் மீற்றரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். அதன் வழியே போகும் மின்னோட்டம் ஒரு மில்லியம்பியரின் சிறு பகுதிதான். உங்கள் வயரில் எல்லா இழைகளும் அரித்துப்போய் ஒரே ஒரு செம்பு இழை மீந்திருந்தாலும் மீற்றர் 12 என்றே காட்டும். சொலனோயிட் அப்படியல்ல, அது அரை அம்பியருக்கு மேல் கேட்கும். அந்த ஓட்டத்தை அரித்துப்போன இணைப்பால் கொடுக்க முடியாது. ஆகவே கப்ளர் பொருத்தியிருக்க, சொலனோயிட் மின்சாரம் இழுத்துக்கொண்டிருக்கும்போது, கப்ளரின் பின்பக்கத்தால் மெல்லிய ஊசியை வயர் நுழையும் இடத்தில் செலுத்தி அளக்க வேண்டும். வயரின் உறையைக் குத்தாதீர்கள். வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு அந்தச் சிறு துளை போதும், ஆறு மாதத்தில் உள்ளே பச்சை பிடித்துவிடும்.

நான்கு அளவுகள் வேண்டும், எல்லாவற்றையும் கோளாறு இருக்கும் சூட்டிலேயே எடுங்கள். பற்றரியின் இரண்டு முனைகளுக்கு இடையில் எவ்வளவு. மீற்றரின் கறுப்பு முனையைப் பற்றரி நெகட்டிவ்விலேயே வைத்துக்கொண்டு, சொலனோயிட்டின் 12 வோல்ற் பின்னில் எவ்வளவு. அதேபோல் ஈசியூ ஏர்த் செய்யும் பின்னில் எவ்வளவு. கடைசியாக, சாவியை அணைத்துக் கப்ளரைக் கழற்றி, சொலனோயிட் சுருளின் தடை எவ்வளவு. தடையை ஆறிய பிறகும் ஒரு தடவை எடுங்கள், ஒப்பிட வேண்டும்.

ஏர்த் பக்கத்தில் பூச்சியம் வராவிட்டால் பயப்படாதீர்கள். ஈசியூவின் டிரான்சிஸ்டர் தனக்கென்று ஒரு வோல்ற்றின் சில பத்திலொன்றை எடுத்துக்கொள்ளும். அங்கே முழு 12 காட்டினால் ஈசியூ திறக்க உத்தரவே கொடுக்கவில்லை என்று பொருள். அப்போது நாம் வேகச் சமிக்ஞையைத் தேடிப் போக வேண்டும். பழைய கைப்பழக்கத்தில் யாராவது 21 வாற் பல்ப் பூட்டிய சோதனை விளக்கை ஈசியூ வயரில் வைக்கச் சொன்னால் வைக்க வேண்டாம். அது ஒன்றே முக்கால் அம்பியர் இழுக்கும். சொலனோயிட்டுக்காக அளவாகச் செய்த டிரான்சிஸ்டர் அதைத் தாங்கும் என்று நம்பமுடியாது.

கார் சமதரையில், கைபிரேக் இழுத்து, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, எஞ்சின் அணைந்த நிலையில் மட்டும் இதைச் செய்யுங்கள். நீங்கள் பொனெற்றுக்குள் குனிந்திருக்கும்போது உள்ளே யாரையும் கியரைத் தொட விடாதீர்கள்.

பஞ்சிகாவத்தை உலா, மாளிகாவத்தை

சொலனோயிட் வாங்கத்தான் வேண்டும் என்று வந்தால் ஒரு சில வார்த்தை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து 2025 தொடக்கத்தில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறக்கும்வரை, நாட்டில் இருந்த கார்களைத்தான் எல்லோரும் கட்டிக்காத்தார்கள். அந்தக் காலத்தில் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகங்கள் நன்றாகவே சுழன்றுவிட்டன. ஆறு கியர் பெட்டிகள் எப்போதும் குறைவு. சொலனோயிட்டைத் தனியாகக் கொடுக்க விரும்பாமல் முழுக் கியர்பெட்டியையே தலையில் கட்டப் பார்ப்பார்கள்.

தனியாகக் கிடைத்தால், கடையிலேயே சோதித்துவிட்டுப் பணம் கொடுங்கள். தடையை அளந்து, பிறகு கடையில் இருக்கும் பற்றரியில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். முளை சட்டென்று உள்ளே போக வேண்டும், விட்டதும் ஸ்பிரிங் தயக்கமில்லாமல் வெளியே தள்ள வேண்டும். மெதுவாக வந்தால் உள்ளே பழைய எண்ணெய் பிசினாகப் பிடித்திருக்கிறது. சில சொலனோயிட்டுகளுக்குள் டயோட் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) இருக்கும், அவற்றில் பிளஸ் மைனஸ் மாறினால் பாகம் கையிலேயே போய்விடும். எந்தப் பின் பிளஸ் என்று வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள். சீல் வளையத்தைப் புதிதாக வாங்குங்கள். பழையதைப் போட்டால் கியர் எண்ணெய் கசியும்.

கடற்காற்று, வெள்ளவத்தை

அளந்துவிட்டேன். காலி வீதியில் வேண்டுமென்றே நெரிசல் நேரத்தில் ஓட்டி, வீட்டுக்கு வந்ததும் பூட்டு திறக்காத நிலையில் எடுத்தவை இவை.

பற்றரி: 12.4 வோல்ற்.
சொலனோயிட்டின் 12 வோல்ற் பின்: 9.9 வோல்ற்.
ஈசியூ ஏர்த் பின்: 0.3 வோல்ற்.
சுருளின் தடை சூட்டில் 18.5 ஓம், மறுநாள் காலையில் 14.8 ஓம்.

கப்ளரைக் கழற்றினால் அந்த 9.9 மறுபடி 12.3 ஆகிவிடுகிறது. அக்கா சொன்னதை இப்போது கண்ணால் பார்த்துவிட்டேன். ஆனால் காலையிலும் இந்த வயர் இப்படித்தான் இருந்திருக்கும் அல்லவா? பிறகு ஏன் காலையில் பூட்டு திறக்கிறது?

ஓம்விதி, தெமட்டகொடை

அருமையான அளவுகள் தம்பி. இதைவிடத் தெளிவாகக் கேட்க முடியாது. கணக்கைப் பார்ப்போம்.

ஏர்த் பின்னில் 0.3 என்பதால் ஈசியூ உத்தரவு கொடுக்கிறது. வேகச் சமிக்ஞையும் ஈசியூவும் இந்த வழக்கிலிருந்து விடுதலை. 12.4க்கும் 9.9க்கும் இடையில் 2.5 வோல்ற் பிளஸ் பக்க வயரில் எங்கோ தொலைகிறது. சொலனோயிட்டுக்குக் கிடைப்பது 9.6. அதை 18.5 ஓமால் வகுத்தால் ஏறக்குறைய 0.52 அம்பியர். 2.5 வோல்ற்றை அந்த 0.52ஆல் வகுத்தால், அரித்துப்போன இடத்தின் தடை கிட்டத்தட்ட 4.8 ஓம். நல்ல வயரில் இது ஓர் ஓமின் சிறு பங்குதான் இருக்க வேண்டும்.

காலைக்கு வருவோம். செம்பின் தடை ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். 14.8 ஓம் 18.5 ஓமாக ஏறியிருப்பதைப் பார்த்தால் சுருள் காலையைவிட அறுபத்தைந்து பாகை அளவுக்குச் சூடாகியிருக்கிறது. நெரிசலில் ஊர்ந்து, எஞ்சினின் வெப்பம் காற்றில்லாமல் தேங்கிய கியர்பெட்டிக்கு இது இயல்பு. காலையில் அதே கெட்ட வயரோடு கணக்கிட்டால், 12.1 வோல்ற்றை 14.8, 4.8 இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்: 0.62 அம்பியர். அது முளையை இழுக்கப் போதுமாக இருக்கிறது, 0.52 போதவில்லை. கெட்ட இணைப்பு இல்லாவிட்டால் சூட்டிலும் 0.65 அம்பியர் கிடைத்திருக்கும். சொலனோயிட்டின் இழுவிசை மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு போவதால், 0.65க்குப் பதில் 0.52 என்பது விசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு. கெட்ட இணைப்பு மட்டும் என்றால் தாக்குப்பிடித்திருக்கும், சூடு மட்டும் என்றாலும் தாக்குப்பிடித்திருக்கும். இரண்டும் சேரும் மாலையில்தான் தோற்கிறது.

உங்கள் சொலனோயிட் நல்ல சொலனோயிட். புதிதாக ஒன்றைப் போட்டிருந்தாலும் மாலையில் அதே சுவர்தான்.

இனி அந்த 4.8 ஓம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கறுப்பு முனை பற்றரி நெகட்டிவ்விலேயே இருக்கட்டும். கப்ளர் பொருத்திய நிலையில், சிவப்பு முனையைப் பற்றரியிலிருந்து சொலனோயிட்டை நோக்கி ஒவ்வோர் இடமாக நகர்த்துங்கள். பியூஸின் தலையில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும், இரண்டிலும் அளங்கள். பிறகு பியூஸ் பெட்டியிலிருந்து வெளியேறும் கப்ளர், எஞ்சின் வயரிங் சேரும் கப்ளர். எங்கே 12இலிருந்து 10க்குக் குதிக்கிறதோ, அந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் தேடுங்கள். வெள்ளை விளக்கு நன்றாக எரிவதால், பொதுவான பியூஸ் என்றால் பியூஸுக்கு முன்னால் குறை இருக்க வாய்ப்பில்லை. இரண்டு பாதைகளும் பிரியும் இடத்துக்குப் பிறகுதான் இருக்க வேண்டும்.

பழையகியர், கொட்டாஞ்சேனை

ஓம்விதி மகளின் கணக்கு அச்சொட்டாக இருக்கிறது. நான் கைப்பழக்கத்தில் சொல்வதை மகள் தாளில் காட்டிவிட்டார்.

தம்பி, முதலில் பற்றரித் தட்டுக்குக் கீழே பாருங்கள். ஜப்பானியக் கார்கள் பலவற்றில் கியர்பெட்டிக்குப் போகும் வயர்க்கட்டு அந்த வழியாக இறங்கும். பற்றரியிலிருந்து கசியும் அமிலமும் ஆவியும் அங்கேதான் படியும். அடுத்தது, ரிவேர்ஸ் கமரா, அலாரம், அன்ட்ரொயிட் பிளேயர் என்று யாராவது வயர் எடுத்த இடங்கள். தொழிற்சாலையில் போட்ட டேப்புக்கும் பிறகு சுற்றிய டேப்புக்கும் வித்தியாசம் தொட்டாலே தெரியும். பின்னையது விரலில் ஒட்டும்.

கடற்காற்று, வெள்ளவத்தை

ஐயா சொன்ன இடத்திலேயே இருந்தது.

பியூஸின் இரண்டு புள்ளிகளிலும் 12.3. எஞ்சின் அறைக் கப்ளரில் 12.2. அதற்கு அப்பால், பற்றரித் தட்டுக்கு நேர் கீழே, டேப் சுற்றிய ஒரு மேடு. அதன் மறுபக்கம் 9.9. டேப்பைப் பிரித்தபோது உள்ளே வயரின் உறையை உரித்து இன்னொரு வயரை முறுக்கியிருக்கிறார்கள். ஈயம் வைக்கவில்லை. செம்பு பச்சைத் தூளாக உதிர்ந்தது, சில இழைகள்தான் மீதி. முறுக்கிய வயர் எங்கும் போகவில்லை, சிறிது தூரத்தில் வெட்டி விட்டிருக்கிறார்கள். முன்பு இருந்த அலாரத்தின் மிச்சமாக இருக்கலாம். கார் என் கைக்கு வரும் முன்பே செய்தது.

இதை எப்படி இணைத்தால் நிலைக்கும்? ஈயம் வைப்பதா, கிரிம்ப் செய்வதா (உலோகக் குழலுக்குள் வைத்து நெரிப்பதா)?

பழையகியர், கொட்டாஞ்சேனை

பற்றரி நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பச்சை வெளியே தெரியும் அளவைவிட உறைக்குள் தூரமாக ஊர்ந்திருக்கும். இரண்டு பக்கமும் பளபளப்பான செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். கறுத்த செம்பில் ஈயமும் ஒட்டாது, கிரிம்பும் பிடிக்காது. வெட்டினால் வயர் குட்டையாகிவிடும், இழுத்துக் கட்டாதீர்கள். எஞ்சின் அசையும்போது மறுபடி அறும். அதே தடிப்பில் ஒரு துண்டு வயர் நடுவில் சேர்த்து இரண்டு இணைப்பாகச் செய்யுங்கள்.

நான் எஞ்சின் அறையில் கிரிம்பைத்தான் நம்புவேன். ஈயம் வயருக்குள் ஏறி விறைத்த இடத்தின் விளிம்பில் அதிர்வால் முறியும். சரியான கருவியால் நெரித்து, உள்ளே பசை உள்ள வெப்பச்சுருங்கு குழாய் போட்டுச் சூடாக்குங்கள். பசை இரண்டு நுனியிலும் சற்று வெளியே வழிய வேண்டும், அப்போதுதான் ஈரம் நுழையாது. இணைப்புகளைப் பற்றரித் தட்டுக்குக் கீழிருந்து நகர்த்தி மேலே கட்டுங்கள்.

கடற்காற்று, வெள்ளவத்தை

செய்துவிட்டேன் ஐயா. மாலை நெரிசலில் ஓட்டிவிட்டு வந்து அளந்தேன். பற்றரி 12.4, சொலனோயிட் பின் 12.2. சாவியை ஓன் செய்ததும் டிக் என்ற சத்தம் தெளிவாகக் கேட்கிறது. ரிவேர்ஸ் உடனே விழுந்தது. கார் மெதுவாக உருளும்போது லீவரை வலப்பக்கம் தள்ளிப் பார்க்காமல், கிளச்சை மிதித்தபடி விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தேன். பூட்டு இருக்கிறது.

விரைவுப்பாதை தம்பி, பொத்தான் யோசனைக்கும் நன்றி. உள்ளதை உள்ளபடி மீட்டுவிட்டதில் எனக்கு மிகுந்த நிம்மதி.

கொலன்னாவைக்காரன், கொலன்னாவை

இந்த இழையை முழுக்க வாசித்தேன். எனக்கும் இதே வகை கியர்பெட்டி, ஆனால் குறை வேறு மாதிரி. சூட்டோடு தொடர்பில்லை. மழைக்குப் பிறகு, கார் அசையாமல் நிற்கும்போதும் சில நேரம் ரிவேர்ஸ் பூட்டு திறப்பதில்லை. அந்த நேரத்தில் வேகமுள் பூச்சியத்துக்கு மேல் நடுங்குகிறது. 2016 மே வெள்ளத்தில் எங்கள் பகுதியில் கார் ஆசன மட்டம்வரை நீரில் நின்றது. ஏர்த் பின்னில் அளந்தால் பூட்டு திறக்காத நேரத்தில் 12 வோல்ற் காட்டுகிறது.

ஓம்விதி, தெமட்டகொடை

நீங்கள் அளந்ததே பாதையைக் காட்டிவிட்டது. ஏர்த் பின்னில் 12 என்றால் ஈசியூ திறக்கவே இல்லை. அது ஏன் திறக்கவில்லை என்பதை உங்கள் வேகமுள் சொல்கிறது: கார் ஓடுவதாக ஈசியூ நினைக்கிறது.

ஸ்கேனரில் (ஈசியூவின் தரவை வாசிக்கும் கருவியில்) நேரடித் தரவைத் திறந்து, நின்ற நிலையில் வேகம் எவ்வளவு என்று பாருங்கள். பூச்சியத்தைத் தவிர எது வந்தாலும் பொய்ச் சமிக்ஞை. ஈசியூ பதியும் குறைக் குறியீடுகளில் பீ0500 வந்தால் வேக உணரி, பீ0801 வந்தால் ரிவேர்ஸ் தடுப்புச் சுற்று. குறியீடு எதுவும் இல்லாவிட்டாலும் உணரியை நம்பிவிடாதீர்கள். பொய்த் துடிப்பும் ஈசியூவுக்குத் துடிப்பாகவே தெரியும், அது குறையாகப் பதியாமல் போகலாம்.

உணரிக்கு மூன்று வயர் இருந்தால், ஒன்று மின்வழங்கல், ஒன்று ஏர்த், ஒன்று சமிக்ஞை. நியூட்ரலில் காரைக் கையால் மெல்லத் தள்ளும்போது சமிக்ஞை மேலும் கீழும் மாற வேண்டும், தள்ளுவதை நிறுத்தினால் ஏதாவது ஒரு நிலையில் அசையாமல் நிற்க வேண்டும். நின்ற பிறகும் ஆடினால், உணரியை மாற்றுவதற்கு முன் அதன் ஏர்த்தைப் பாருங்கள். ஏர்த் பின்னுக்கும் பற்றரி நெகட்டிவ்வுக்கும் இடையில் முன்விளக்கு, வைப்பர், காற்றாடி எல்லாம் ஓடும்போது 0.1 வோல்ற்றுக்கு மேல் வரக்கூடாது.

கொலன்னாவைக்காரன், கொலன்னாவை

நன்றி அக்கா. ஸ்கேனரில் பார்த்தேன். நின்ற நிலையில் வேகம் பூச்சியத்துக்கும் 7க்கும் இடையில் தாவுகிறது. குறியீடு எதுவும் இல்லை. ஏர்த்தில் முன்விளக்கு போட்டதும் 0.6 வோல்ற் ஏறுகிறது. என் காரில் ஈசியூ இடப்பக்க ஆசனத்துக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில் இருக்கிறது. வெள்ளம் நின்ற மட்டத்துக்குக் கீழே.

பழையகியர், கொட்டாஞ்சேனை

அப்படியானால் உணரியை விட்டுவிட்டு அந்தக் கால்பகுதிக்குப் போங்கள் தம்பி. கார்ப்பெற்றை உயர்த்தினால் வயர்க்கட்டின் ஏர்த் வயர்கள் பல ஒரே போல்ற்றில் உடலோடு சேரும் இடம் தெரியும். வெள்ளம் பார்த்த கார்களில் அந்தப் போல்ற்றின் அடியில் துருவும் சேறும் இறுகியிருப்பதைக் கண்டிருக்கிறேன். போல்ற்றைக் கழற்றி, வளையத்தையும் உடலையும் வெறும் உலோகம் தெரியும்வரை சுரண்டி, இறுக்கி, மேலே கிறீஸ் பூசுங்கள். பக்கத்தில் உள்ள கப்ளர்களைத் திறந்து பச்சை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈசியூவின் கப்ளரைத் தொடுவதற்கு முன் பற்றரி நெகட்டிவ்வைக் கழற்றிவிடுங்கள். முடிந்ததும் அந்த 0.6 எவ்வளவாகக் குறைந்தது என்று எழுதுங்கள்.